புள்ளி மறைந்த மறுநாள்

மதுரையில் மார்கழி பிறந்துவிட்டால், மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் காலையில் மீன்களைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. சித்திரையில் அறையின் சூட்டிலேயே 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும் தொட்டி நீர், மார்கழி இரவுகளில் 24க்கும் கீழே இறங்குகிறது. திடீரென இறங்கும் வெப்பநிலையில் மீனின் எதிர்ப்பாற்றல் தளர, வால் துடுப்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் சரளைக் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். செவுளை வேகமாக அடிக்கும். இதுதான் வெள்ளைப்புள்ளி நோய்.

இதற்குக் காரணம் ஒரே செல்லால் ஆன ஓர் ஒட்டுண்ணி. 1876இல் இதை விவரித்து ஃபூக்கே என்ற ஆய்வாளர் சூட்டிய பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். முதற்சொல்லுக்கு மீன் பேன் என்றும், அடுத்ததற்குப் பல பிள்ளைகள் உடையது என்றும் பொருள். பதினாறும் பெற்று வாழ்க என்று நாம் வாழ்த்துவோம். இந்த உயிரிக்குப் பதினாறெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

நாம் பார்க்கும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து அதன் செல்களைத் தின்று, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை வளர்ந்திருக்கும் ஒட்டுண்ணி. நுண்ணோக்கியில் பார்த்தால் குதிரை லாடம் போன்ற உட்கருவுடன் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். வளர்ந்து முடிந்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, செடியின் இலையிலோ சரளையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. உறைக்குள் மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, ஓர் ஒட்டுண்ணி நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. உறை உடைந்து வெளிவரும் குஞ்சுகள் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துப்போகும்.

வழக்கமான மருந்துகள் கொல்வது பெரும்பாலும் நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளையே. தோலுக்கு அடியில் இருப்பதை மீனின் தோலும், இலையில் ஒட்டியிருப்பதை அதன் உறையும் காப்பாற்றிவிடுகின்றன. ஆகவே மருந்து ஊற்றிய இரண்டாம் நாளே புள்ளி மறைந்தால் மகிழ வேண்டாம். ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கிப் பெருகிக்கொண்டிருக்கும் நாளும் அதுவாகவே இருக்கலாம். என் தொட்டியிலும் அப்படித்தான் நடந்தது: புள்ளி போய்விட்டதென்று மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தினேன், ஆறாம் நாள் எட்டு மீன்களின் மேலும் புள்ளிகள்.

செடி நட்ட தொட்டியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. தாமிரம் சேர்ந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்று, செடிகளையும் வாட்டும். மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்து, ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைப் பாதிக்கும். உப்பு மிகுந்தால் மெல்லிய இலைச் செடிகள் கருகும். எனவே செடித் தொட்டியில் மருந்து ஊற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. மீன்கள் அனைத்தையும், ஒன்றுகூட விடாமல், தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டால், செடிகளுக்கு நடுவே பிறக்கும் குஞ்சுகள் தாமாகவே பட்டினியால் மடியும். அந்தத் தொட்டியைப் பத்து நாள் மீனில்லாமல் விட்டால் போதும்.

தனித் தொட்டியாக 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றே போதும். அடியில் சரளை வேண்டாம். குளோரின் நீக்கிய நீரில், ஹீட்டர் வைத்து ஒரு நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் போகாமல் படிப்படியாக 30 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். அந்த வெப்பத்தில் ஒட்டுண்ணியின் பெருக்கம் பெரும்பாலும் தடைபடும். அயோடின் சேராத கல் உப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம், 40 லிட்டருக்கு 80 கிராம், ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துக் கரைத்துவிடலாம். கப்பியும் மோலியும் இதை எளிதில் தாங்கும்; நியான் டெட்ராவும் கெளுத்தி இனங்களும் அவ்வளவாகத் தாங்காது என்பதால், அவற்றுக்கு உப்பைப் பாதியாக்குவதே பாதுகாப்பு. நாள்தோறும் அடியில் உறிஞ்சு குழாய் விட்டு மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்தால், கீழே இறங்கிய உறைகளும் அதனுடன் போய்விடும். நிரப்பும் நீரிலும் அதே உப்பும் அதே வெப்பமும் இருக்க வேண்டும்.

பலரும் மறப்பது ஆக்சிஜனை. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. செவுள் புண்ணான மீனுக்கோ அது முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இல்லையென்றால், நோய்க்குத் தப்பிய மீனும் மூச்சுத் திணறிச் சாகக்கூடும்.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதே நீரில் மீன்களை வைத்திருக்க வேண்டும். பின்னர் வெப்பத்தைச் செடித் தொட்டியின் அளவுக்கு மெல்ல இறக்கி, டப்பின் நீர் ஒரு சொட்டும் சேராமல் மீனை மட்டும் மாற்றலாம். வலையையும் குழாயையும் மொட்டை மாடியில் போட்டுவிடுங்கள். உறையானாலும் குஞ்சானாலும், முற்றிலும் உலர்ந்தால் பிழைக்காது. மார்கழியிலும் மதுரையின் நண்பகல் வெயில் அதற்குப் போதும்.