சம்பந்தி வீட்டு சோலார்

கோபிசெட்டிபாளையம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூரை சோலார் பொருத்துவது என் தொழில். ஒரு வீட்டில் பேனல் ஏறினால் அடுத்து எதிர்வீட்டுக்காரர் விசாரிப்பார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். போன் வந்ததோ பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, பொண்ணு கொடுத்த ஊரிலிருந்து. கரண்ட் பில் பேச்செல்லாம் கல்யாணம், காதுகுத்து, எழவு வீட்டில்தான் நடக்கிறது. வாய்க்கால் தகராறு இருந்தால் எதிர்வீட்டார் தினமும் பேனலைப் பார்ப்பார், வாய் திறந்து கேட்க மாட்டார்.

2024-இல் வந்த பிஎம் சூர்யா கர் என்ற மத்திய அரசின் கூரை சோலார் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன், ஒருவரும் அசையவில்லை. "மச்சானுக்கு மானியம் பேங்க்ல ஏறிடுச்சுங்க" என்ற பேச்சு கிளம்பிய மறுநாளே விசாரிக்க ஆள் வந்தது.

வதந்தியும் இதே வழியில்தான் போகும். ஒரு நாள் நல்ல வெயிலில் கரண்ட் போனது. சோலார் வீட்டிலும் ஃபேன் நின்றுவிட்டது. 'அது ரிப்பேர்' என்று அடுத்த ஊர் வரை பேச்சு. ரிப்பேரே இல்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), லைனில் மின்சாரம் போனால் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் பேனல் மின்சாரம் லைனுக்குள் பாய்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. இதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. ஒரு வருஷம் அந்த ஊரில் வேலையே வரவில்லை. இப்போதெல்லாம் வீட்டுப் பெண்களிடம்தான் முதலில் விளக்குகிறேன். அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்லப்போவது அவர்கள்தானே.

அளவையும் அப்படியே காப்பி அடிக்கிறார்கள். "சம்பந்தி 3 கிலோவாட் போட்டிருக்கார், எனக்கும் அதேதாங்க." சம்பந்தி வீட்டில் இரண்டு ஏசி, இரண்டு மாசத்துக்கு 800 யூனிட் ஓடும். இவர் வீட்டில் 180. அதில் 100 யூனிட் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இலவசம். மீதி 80 யூனிட்டுக்காக லட்ச ரூபாய் முடக்கினால் எப்போது திரும்ப எடுப்பது? 1 கிலோவாட்டே நாளுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரண்டு மாசத்துக்குச் சுமார் 240 யூனிட் கொடுக்கும். வேண்டாம் என்றால் கோபம் வேறு: "அவருக்குப் போட்டீங்க, எனக்குப் போட மாட்டீங்களா?"

சொந்தக்காரர் வீட்டில் விசாரிக்கப் போனால் 'எப்படி இருக்கு?' என்பதோடு விடாதீர்கள். ஈபி அட்டையைக் கேட்டு வாங்கி, சோலார் வருவதற்கு முன்பும் பின்பும் அதே மாசங்களில் எத்தனை யூனிட்டுக்குப் பணம் கட்டினார்கள் என்று பாருங்கள். போகும்போது உங்கள் அட்டையும் கையில் இருக்கட்டும்.