ஒரே உயரத்தில் ஒடியும் காம்பு

வுட்சியா இல்வென்சிஸ் என்ற மலைப் பெரணியை அடையாளம் காண, இலையைவிட அது உதிர்ந்தபின் நிற்கும் மிச்சக் காம்பைப் பார்ப்பது சுலபம். விரல் நீளச் செடிதான். காம்பின் கீழ்ப்பகுதியில் லேசாகப் புடைத்த கணு ஒன்று உண்டு, பழைய இலை சரியாக அங்கேதான் ஒடியும். அதனால் மிச்சக் காம்புகள் எல்லாம் கத்தரித்து விட்டதுபோல ஒரே உயரத்தில் நிற்கும். இலையின் அடிப்பக்கம் துருநிறத்தில் மயிரும் செதிலுமாக இருக்கும்.

1810-இல் வுட்சியா என்ற இந்தப் பேரினத்துக்கு ஜோசப் வுட்ஸ் என்ற தாவரவியலாளரின் பெயரை வைத்தவர் ராபர்ட் பிரவுன். ஆமாம், இயற்பியலில் வரும் பிரௌனியன் இயக்கத்தின் அதே பிரவுன்தான்!

வட அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் இது அப்படியொன்றும் அபூர்வமில்லை. பிரிட்டனில்தான் பாறை இடுக்குகளில் விரல்விட்டு எண்ணும்படி சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெரணி சேகரிக்கும் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ஸ்காட்லாந்தின் மொஃபட் மலைகளில் இருந்ததில் பெரும்பாலானதை வேரோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

பறிப்பது நின்று இத்தனை காலமாகியும் ஏன் பெருகவில்லை? பெரணிக்கு விதை கிடையாது, ஸ்போர் என்ற தூசி போன்ற நுண்ணிய வித்துதான். ஸ்போர்ப்பையைச் சுற்றி ஒரு வரிசை செல்கள் இருக்கும். அவற்றிலிருந்து நீர் ஆவியாக ஆவியாகப் பை வில்போலப் பின்னுக்கு வளைந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் உள்ளே மிஞ்சிய நீர் தாங்காமல் குமிழியிட்டதும் சட்டென்று திரும்பிச் சொடுக்கி ஸ்போர்களை வீசிவிடும். அருமையான கவண். ஆனால் விழுந்த இடத்தில் முளைப்பது பெரணி இல்லை, புரோதாலஸ் என்ற சில மில்லிமீட்டர் அகலத் தகடு. பெரும்பகுதி ஒரே செல் தடிமன், வேரும் கிடையாது, காய்ந்தால் போயிற்று. அதில் ஆணணு முட்டையிடம் நீந்திப்போக நீர்ப்படலம் வேண்டும், அப்புறம்தான் உண்மையான செடி. இதெல்லாம் நடக்க ஈரமான, பாசியும் புல்லும் இன்னும் மூடாத பாறை இடுக்கு தேவை. செங்குத்துப் பாறையில் அப்படி ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

எடின்பரோ அரச தாவரவியல் தோட்டம் இந்த ஆபத்தான கட்டத்தைத் தாண்ட ஸ்போரிலிருந்து தோட்டத்திலேயே செடி வளர்த்து, 1999 முதல் மலையில் நட ஆரம்பித்தது. நட்ட செடி பிழைப்பது பாதிக் கிணறுதான். அது வீசும் ஸ்போர் பக்கத்து இடுக்கில் தானாக முளைக்க வேண்டும், அந்த வேலையை யாரும் செய்து கொடுக்க முடியாது.