புற்றுக்கட்டியைக் கூழாக்கும் குமிழிகள்

கூட இருந்தவர்களின் தொல்லை தாங்காமல் செய்த ஒரு மாற்றத்தில்தான் புற்றுக்கட்டியை அல்ட்ராசவுண்டால் உடைக்கும் ஹிஸ்டோட்ரிப்சி சிகிச்சைக்கு வழி பிறந்தது. 2000களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜென் சூ, பன்றியின் இதயத் திசுவை அல்ட்ராசவுண்டால் துளைக்க முயன்றுகொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயர் போட்ட சத்தத்தைப் பற்றி ஆய்வகத்தில் ஒரே புகார். சத்தம் மனிதக் காதுக்கு எட்டாமல் போகட்டும் என்று நொடிக்கு இத்தனை என்று அனுப்பும் ஒலித்துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். ஒரு நிமிடத்துக்குள் திசுவில் ஓட்டை விழுந்தது!

அந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த ஹிஸ்டோட்ரிப்சி முறையைக் கல்லீரல் கட்டிகளுக்குப் பயன்படுத்த, 2023 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது.

அல்ட்ராசவுண்டைக் குவித்துக் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் முறை ஏற்கெனவே உண்டு. அதில் ஒரு சிக்கல்: பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும், கட்டியின் ஓரம் பிழைத்துக்கொள்ளும். ஹிஸ்டோட்ரிப்சி சூட்டை நம்பவில்லை. ஒவ்வொரு துடிப்பும் நீடிப்பது மைக்ரோவிநாடிக் கணக்கில்தான். அடுத்த துடிப்பு வருவதற்குள் போதிய இடைவெளி இருப்பதால், திசு சூடேற நேரமே கிடைப்பதில்லை.

அப்படியானால் செல்லைக் கொல்வது எது? ஒலியலை திசுவை ஒருகணம் அழுத்தும், மறுகணம் இழுக்கும். சோடா பாட்டிலைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து குமிழி கிளம்புகிறதல்லவா, அதுபோல இழுக்கும் கணத்தில் திசுவுக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய வாயுப் பொட்டுகள் ஊதிப் பெருக்கின்றன. ஆனால் இங்கே இழுவை அசுரத்தனமானது: நீர் நிறைந்த திசுவில் சுமார் 26 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 250 மடங்குக்கும் மேல். குமிழிகள் கூட்டமாக வெடித்துப் பெருத்து, உடனே சுருங்கி நொறுங்கும். அந்த இழுபறியில் செல்கள் கிழிந்துபோகின்றன. ஆயிரக்கணக்கான துடிப்புகளுக்குப் பின் மிஞ்சுவது செல்லே இல்லாத கூழ்; அதை உடலே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. கொலாஜன் என்ற உறுதியான நார்ப்புரதம் நிறைந்த பெரிய ரத்தக்குழாயும் பித்தநாளமும் மட்டும் இந்த அடியைப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கண்ணெதிரே வேலை நடப்பதுதான். நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்து, வயிற்றின்மேல் நீர் நிரப்பிய பையைப் பொருத்துகிறார்கள். ஒலி காற்றில் சிதறாமல் உள்ளே போக நீர் வேண்டும். ரோபோ கை ஒலிக்கருவியைப் புள்ளி புள்ளியாக நகர்த்துகிறது. சாதாரண ஸ்கேன் திரையில் குமிழிக் கூட்டம் பளிச்சென்று வெள்ளையாக மினுங்கும். வேலை முடிந்த இடம் கறுத்துத் தெரியும்.

எலிகளில் கட்டியின் ஒரு பகுதியை மட்டும் உடைத்தபோது, பலவற்றில் மீதியும் மறைந்தது. சிதறிய புற்றுப் புரதங்களை நோயெதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டுகொண்டதே காரணம் என்கிறார்கள். இதை வைத்து மனிதர்களுக்கும் வாக்குறுதி கொடுப்பது அவசரம். எலியில் குணமான புற்றுநோய்களின் பட்டியல் மிக நீளம்.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 44 கட்டிகளில் 42-இல் குறிவைத்த பகுதி சரியாக அழிந்தது. 3 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. அந்த ஆய்வு முதலில் அளந்தது கட்டி அழிந்ததா என்பதைத்தான், நோயாளி எத்தனை ஆண்டு கூடுதலாக வாழ்வார் என்பதை அல்ல. எலும்பும் வாயுவும் ஒலியை மறிப்பதால், காற்று நிறைந்த நுரையீரலுக்குள் இருக்கும் கட்டியை எட்டுவதும் இப்போதைக்குக் கடினமே.