ஆயுத பூஜைக்கு அடித்த கிரீஸ் பேரிங்கை ஏன் சுடவைக்கிறது?

கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மோட்டாருக்கும் பிதுங்கி வழியும்வரை கிரீஸ் அடித்தோம். மறுபடி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து பேரிங் 90 டிகிரி காட்டுகிறது. முன்பு 70-ஐத் தாண்டியதில்லை. கிரீஸ் மட்டமான சரக்கா?"

சரக்கு நல்லதாகவே இருக்கலாம். அளவுதான் மிஞ்சிவிட்டது. ஏன் என்று புரிய, மோட்டாரின் சுழலும் தண்டைக் குண்டுகள்மேல் தாங்கும் பேரிங்குக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். லித்தியம் சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருள் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. கெட்டித் தயிரில் நீர் விடுவதுபோல, ஓடும்போது எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குண்டுகளுக்கும் அவை உருளும் தடத்துக்கும் இடையே போகிறது. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.

குண்டும் தடமும் தொடும் இடம் மிகச் சிறியது. உருளும் திசையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். மோட்டாரின் சுமை அந்தப் புள்ளியில் குவிவதால் அழுத்தம் 1 ஜிகாபாஸ்கலையும் எட்டும். அதாவது நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல பத்தாயிரம் மடங்கு. கடலின் ஆக ஆழமான இடத்தில்கூட சுமார் 1,100 மடங்குதான். இப்படி நசுக்கினால் எண்ணெய் பிதுங்கி ஓடி, இரும்போடு இரும்பு உரசியிருக்க வேண்டுமே?

ஓடுவதில்லை. அழுத்தம் ஏற ஏற எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, பெருக்கு வேகத்தில் கூடும் என்று இயற்பியலாளர் கார்ல் பேரஸ் 1893-லேயே காட்டினார். 1 ஜிகாபாஸ்கலில் அது பல லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கி நகர இடமில்லாமல், எண்ணெய் கிட்டத்தட்ட கண்ணாடிபோல இறுகிப்போகிறது. 1,450 சுற்றில் ஓடும் மோட்டாரில், தொடும் இடத்தை எண்ணெய் கடக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் இறுகி, சுமையைத் தாங்கி, மறுபக்கம் வந்ததும் பழையபடி திரவமாகிவிடுகிறது. அதே கணத்தில் எஃகும் மீள்தன்மையோடு சற்றே தட்டையாகி எண்ணெய்க்கு இடம் விடுகிறது. எஃகு வளைந்துகொடுக்க, எண்ணெய் விறைத்து நிற்கிறது! அரை மைக்ரான் தடிமன்கூட இல்லாத படலம் இப்படித்தான் இரும்பையும் இரும்பையும் பிரித்துவைக்கிறது.

இதைவிட அழகு அதன் கணக்கில் இருக்கிறது. ஹாம்ராக், டவ்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களில் தந்த சூத்திரப்படி, சுமையை இரட்டிப்பாக்கினால் படலம் குறைவது வெறும் 5 சதவீதம். ஆனால் எண்ணெயின் பாகுத்தன்மை பாதியானால் படலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பேரிங் பாரத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை, சூட்டுக்குத்தான் அஞ்சுகிறது.

இப்போது வாசகரின் மோட்டார். பேரிங்கைச் சுற்றியுள்ள காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கிரீஸ் இருந்தால் போதும். மிஞ்சியது ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும். முழுக்க நிரப்பிவிட்டால் குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் கிரீஸையே கடைகின்றன, கடைவதால் சூடு. 70 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால், மோட்டார் கிரீஸ்களில் வழக்கமான, பாகுத்தன்மைத் தரம் 100 கொண்ட எண்ணெயின் பாகுத்தன்மை ஏறக்குறைய பாதியாகிறது. படலம் மெலிகிறது. கிரீஸின் ஆயுளும் 70-க்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் பாதியாகக் குறையும். ஸ்பின்னிங் மில்லாக இருந்து, மோட்டாரின் கூலிங் ஃபேன் மூடியில் பஞ்சும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்கும் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: வெளிவிட்டம் × அகலம் × 0.005. இரண்டும் மில்லிமீட்டரில், விடை கிராமில். 20 குதிரைத்திறன் மோட்டார்களில் அடிக்கடி காணும் 6309 பேரிங்குக்கு 100 × 25 × 0.005 = 12.5 கிராம். கிரீஸ் கன் ஒரு அழுத்தில் எவ்வளவு தள்ளும் என்பது கன்னுக்குக் கன் மாறும். பத்து முறை காகிதத்தில் அழுத்தி, நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுத்து, விடையைக் கன்மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். கையால் அழுத்தும் கன்கூட 300 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல சுமார் 300 மடங்கைத் தாண்டும். வேகமாக அடித்தால் சீல் பிதுங்கி, கிரீஸ் மோட்டாரின் சுருள்வரை போய்ச் சேரும்.

ஏற்கெனவே நிரம்பிவிட்டதற்கு வழி: அடியிலுள்ள வடிகால் பிளக்கைக் கழற்றி, இறுகிப்போன பழைய கிரீஸைக் கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மிஞ்சியது தானே வெளியேறும். புதிதாகக் கிரீஸ் வைத்தால் வெப்பம் முதலில் சற்று ஏறத்தான் செய்யும். ஓரிரு நாளில் இறங்காவிட்டால் பேரிங்கைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தில் காட்டாதீர்கள், குறைவாகக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்து பாருங்கள்.

பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் எனக்குச் சண்டையில்லை. கிரீஸ் கன்னை மாட்டும் வாயான நிப்பிள் மேல் வைப்பதில்தான் சண்டை. அடுத்த முறை கன்னை மாட்டும்போது அந்தப் பொடி நேரே உள்ளே போகிறது. அரை மைக்ரான் படலத்தில் பல மைக்ரான் துகள் புகுந்தால் தடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்திலிருந்துதான் எஃகு செதில் செதிலாகப் பெயரும். முந்தின நாள் குழாயைப் பீய்ச்சி மெஷினைக் குளிப்பாட்டுவதும் இதே கேடு.

பிரிட்டனில் 1966-ல் வந்த ஜோஸ்ட் அறிக்கை, உராய்வையும் மசகையும் ஒழுங்காகக் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குக் காட்டியது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் ரோபோ ஆய்வகத்துக்கு உடனே கையெழுத்துப் போடும் கை, ஒரு பேரிங் சோதனைத் தளம் கேட்டால் மட்டும் ஏன் நடுங்குகிறது?

கன்னை எடுக்குமுன் பேரிங் எண்ணின் வாலைப் பாருங்கள். இசட்இசட் (ZZ), 2ஆர்எஸ் (2RS) என்று இருந்தால் அது இருபுறமும் மூடியது. உள்ளே ஆயுளுக்கான கிரீஸ் இருக்கிறது, வெளியே அடிப்பது வீண். திறந்த பேரிங்காக இருந்தாலும், நிறம் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஸ்டோரில் கிடைத்ததை அடிக்கக் கூடாது. பல மோட்டார்கள் பாலியூரியா என்ற வேறு கெட்டிப்பொருள் கொண்ட கிரீஸோடு வருகின்றன. அதில் லித்தியம் கிரீஸைக் கலந்தால், பொருந்தாத ஜோடியாக இருக்கும்பட்சத்தில், கெட்டிப்பொருள் உடைந்து கூழாகி ஷாஃப்ட் வழியே ஒழுகிவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றி, கழுவி, புதிதாக வையுங்கள்.