நீர் புகாத கமராவும் தண்ணீருக்குள் எடுக்கும் வீடியோவும்

வெளிநாட்டு உறவினர் அனுப்பியதோ கொழும்பில் வாங்கியதோ, உள்ளங்கைக்குள் அடங்கும் அக்சன் கமரா இப்போது முல்லைத்தீவின் அளம்பில், நாயாறுப் பக்கத்துப் படகுகளிலும் கிளிநொச்சியின் பூநகரி, கிராஞ்சிக் கடலட்டைப் பண்ணைகளிலும் காணக்கிடைக்கிறது. சங்கும் அட்டையும் தேடிச் சுழியோடுபவர், பண்ணைக்காரர், கடலடிப் பாறைத்திட்டான பாரைப் படம்பிடித்து யூரியூப்பில் போட விரும்பும் இளையவர் என எல்லோரும் ஒன்றையே நம்புகிறார்கள்: பெட்டியில் ‘நீர் புகாது’ என்று போட்டிருக்கிறது, ஆகவே தண்ணீருக்குள் நல்ல வீடியோ வரும். அப்படியில்லை. கமரா பழுதாகாமல் மேலே வரும் ஆழம் வேறு, பார்க்கத்தக்க படம் கிடைக்கும் ஆழம் வேறு. இரண்டாவது மிகவும் குறைவு.

ஆழக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கோப்ரோ கமராக்களில் ஹீரோ 5 (2016) தொடக்கம் ஹீரோ 12 வரை, மேலே போடும் நீர்காப்புக் கூடு இல்லாமல் 10 மீற்றர். டிஜேஐ ஒஸ்மோ அக்சன் 4 என்றால் 18 மீற்றர். அந்தந்தக் கமராவுக்கான சுழியோடும் கூட்டைப் போட்டால் 60 மீற்றர். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். கூட்டின் பின்கதவு 7 சென்ரிமீற்றருக்கு 6 சென்ரிமீற்றர் என்றால் 30 மீற்றரில் அதன்மேல் 120 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இருக்கும். அந்தப் பாரம் கதவை இறப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்குவதால் ஆழத்தில் பெரும்பாலும் கசியாது. கசிவது முதல் ஒன்றிரண்டு மீற்றரில்தான். வளையத்தில் ஒரு தலைமயிரோ ஒரு மணலோ கிடந்தால் போதும். ஆகவே இறங்கியதும் ஒரு மீற்றரில் நின்று கூட்டை உற்றுப் பாருங்கள். விளிம்பிலிருந்து குமிழி தொடர்ந்து கிளம்பினால் அப்போதே மேலே வந்துவிட வேண்டும்.

தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. தண்ணீரையே விரல் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லா அமைப்புகளையும் கரையில் செய்துவிட்டுத் திரையைப் பூட்டுங்கள். வைபை, புளூரூத் அலைகள் கடல்நீரில் சில சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். படகில் போனை வைத்துக்கொண்டு கீழே இருக்கும் கமராவைப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இனி நிறம். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். தூய நீரில்கூட 5 மீற்றர் கடந்த சிவப்பு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கணக்கு அதோடு நிற்பதில்லை. வெளிச்சம் மேலிருந்து அட்டைக்கு வருகிறது, அட்டையிலிருந்து கமராவுக்கும் வர வேண்டும். 5 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் அட்டையை 3 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் அந்த ஒளி 8 மீற்றர் தண்ணீரைக் கடந்திருக்கிறது. சிவப்பில் மிஞ்சுவது நூற்றில் ஆறோ ஏழோதான். கமரா தன்பாட்டில் சிவப்பைக் கூட்டப் பார்க்கும். இல்லாத ஒளியைக் கூட்டினால் வருவது புள்ளி புள்ளியான இரைச்சல். மண்ணிறம், கறுப்பு, கடும்பச்சை என வெவ்வேறு நிறமான அட்டைகளெல்லாம் ஒரே சாம்பல் பச்சையாகத் தெரியும். இந்த வீடியோவைப் பார்த்து இனம் பிரிக்கவோ பவளம் வெளுத்திருக்கிறது என்று முடிவு சொல்லவோ கூடாது.

வில்லையின் முன்னால் மாட்டும் சிவப்பு வடிகட்டி ஓரளவு உதவும். ஆனால் அது வெயில் நன்றாக விழும் நீலத் தண்ணீரில், ஏறத்தாழ 5 முதல் 15 மீற்றர் வரைக்கும்தான். எங்கள் கரையோரத் தண்ணீர் பல நாட்களில் பச்சை. அதற்கு மஜென்ரா (ஊதா கலந்த சிவப்பு) வடிகட்டி பொருந்தும். எந்த வடிகட்டியும் நிறத்தைச் சேர்ப்பதில்லை, மற்ற நிறங்களை வெட்டுகிறது. அதாவது ஏற்கெனவே குறைந்த வெளிச்சத்தை இன்னும் குறைக்கிறது. லைற்றையும் வடிகட்டியையும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் செக்கச்செவேல் என்று வரும்.

சரியான வழி லைற்றும் கிட்ட நிற்பதும். கமராவின் உணரி சிறுவிரல் நகத்தை விடச் சிறியது. அது பிடிக்கும் ஒளி குறைவு என்பதால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, தானே ஏற்றிக்கொள்ளும். உச்ச ஐஎஸ்ஓவை 400 அல்லது 800 இல் கட்டிவிடுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் வைற் பலன்ஸைத் தானியங்கியில் விட்டால் நீங்கள் திரும்பும்போதெல்லாம் நிறம் மாறும். லைற்றோடு எடுக்கும்போது 5500 கெல்வினில் நிறுத்துங்கள். லைற் 1500 லூமனுக்குக் குறையாமல் இருந்தால் ஒரு மீற்றருக்குள் உள்ளதை எடுக்கலாம். அதைக் கமராவின் தலையில் ஒட்டினாற்போல் பூட்டாதீர்கள். வில்லைக்கு முன்னால் மிதக்கும் தூசியெல்லாம் மின்னி, படம் முழுக்க வெண்புள்ளிகள் பறக்கும். ஒரு தட்டில் கமராவை நடுவில் வைத்து, லைற்றை 30 சென்ரிமீற்றராவது பக்கவாட்டில் தள்ளிச் சற்று வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். தட்டை இரண்டு கையாலும் பிடிப்பதால் ஆட்டமும் குறையும். வெளிச்சம் போதாத இடத்தில் ஆட்டத்தைக் குறைக்கும் மென்பொருள் நிலைப்படுத்தல் படத்தைக் குழப்பிவிடும். அதை நம்புவதைவிடத் தட்டு நல்லது.

கிட்டப் போவதற்கும் எல்லை உண்டு. அக்சன் கமராக்கள் பெரும்பாலும் நிலைக்குவியம் கொண்டவை, அதாவது குவியத்தை மாற்ற முடியாதவை. 30 சென்ரிமீற்றர் அளவுக்கு உள்ளே வந்தது மங்கும். தட்டையான கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் இருக்கும்போது பொருட்கள் நான்கில் மூன்று பங்கு தூரத்தில் இருப்பதாகக் கமராவுக்குத் தெரியும். ஆகவே காற்றில் 30 என்ற எல்லை தண்ணீரில் 40 ஆகிவிடும். கிராஞ்சிப் பண்ணையில் சேறு கிளம்பி, பார்வை அரை மீற்றர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கமராவுக்குத் தெளிவாகத் தெரிவது 40 இற்கும் 50 இற்கும் இடைப்பட்ட பத்துச் சென்ரிமீற்றர் மட்டுமே. பண்ணைக்காரர் அட்டையின் தோலில் புண் இருக்கிறதா என்று காட்ட 15 சென்ரிமீற்றரில் வைத்து எடுப்பார். சின்னத் திரையில் நன்றாகத்தான் இருக்கும். கணினியில் போட்டால் மங்கல். இதற்குக் கமராவின் முன்னால் மாட்டும், கிட்ட உள்ளதைத் தெளிவாக எடுக்க உதவும் குளோசப் வில்லை வேண்டும். அது இல்லையென்றால் அட்டையை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் கரையில் எடுப்பதே மேல்.

பருவத்தையும் பாருங்கள். வாடைக் காலத்தில் மழை வெள்ளம் ஏறி, வட்டுவாகலில் நந்திக்கடல் முகம் வெட்டப்பட்டால் முல்லைத்தீவுக் கரை மண்ணிறமாகக் கலங்கும். சோளகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) கிழக்குக் கரை அடங்க, மேற்குப் பக்கம் ஆழமில்லாத கடலில் காற்று சேற்றைக் கிளப்பும். கலங்கல் நீரில் எந்த விலைக் கமராவும் ஒன்றுதான்.

வன்னி வெயில் இன்னொரு சிக்கல். ஈரக் காற்றோடு கூட்டை மூடிப் படகில் வெயிலில் விட்டால், தண்ணீரில் இறங்கிச் சில நிமிடங்களில் கண்ணாடியின் உட்புறம் பூத்துவிடும். உள்ளே கமரா சூடு, வெளியே கண்ணாடி குளிர். ஈரம் அங்கே படிகிறது. கூட்டைக் காலையில் வீட்டிலேயே, உலர்ந்த இடத்தில், உள்ளே ஈரம் உறிஞ்சும் தடித்த கடதாசித் துண்டு ஒன்றைச் செருகி மூடிவிடுங்கள். இறங்கும் வரை நனைந்த துணியின் கீழ் நிழலில் இருக்கட்டும். படகில் வைத்துப் பற்றரி மாற்றாதீர்கள். கரைக்கு வந்ததும் திறக்காமல் அரை மணிநேரம் நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். கடற்கரைக் கிணறுகள் பல உவர். குடிக்க முடியாத தண்ணீரில் ஊறவைத்துப் பயனில்லை. துடைத்துக் காய்ந்த பின், கதவு கீழ்நோக்கி இருக்கத் திறக்க வேண்டும். பழைய கூடு கைக்கு வந்தால் முதற்தடவை கமரா இல்லாமல், உள்ளே ஒரு துண்டு ரிசுத் தாள் வைத்துக் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள்.

கமராவை விட ஆள் முக்கியம். திரையைப் பார்த்துக்கொண்டு நீந்துபவர் ஆழமானியையும் காற்றுமானியையும் மறந்துவிடுகிறார். மீனைத் துரத்தி 12 மீற்றர் என்று நினைத்தவர் 20 இல் நிற்பார். ஒரு மீன் மேலே போகிறது என்று கூடவே ஏறுவது இன்னும் மோசம். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது, மூச்சை அடக்கியபடி ஏறவே கூடாது. பாரில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகள் கமராப் பட்டியில் மாட்டும். கையிலிருந்து உடனே கழற்றி விடக்கூடிய கொழுக்கிதான் வேண்டும்.

குளங்களிலும் இளைஞர்கள் கமராவோடு இறங்குகிறார்கள். இரணைமடுவோ முத்தையன்கட்டோ, திறந்த துருசுக்கு (மதகுக்கு) கிட்ட நீந்தி வீடியோ எடுக்கப் போகாதீர்கள். அங்குள்ள இழுவை மேலே தெரியாது, ஒருமுறை பிடித்தால் ஆளை விடாது. துருசைப் பார்க்க வேண்டிய தேவை இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொல்லி, மூடியிருக்கும்போது மூங்கிலில் கமராவைக் கட்டி இறக்கலாம்.

கூட்டுக்குள் கடல்நீர் புகுந்துவிட்டால் கமராவை இயக்கிப் பார்க்காதீர்கள், மின்னேற்றவும் வேண்டாம். பற்றரியைக் கழற்றி, ஆட்களுக்கும் பெற்றோலுக்கும் எட்டத் திறந்த வெளியில் வையுங்கள். உப்புநீர் பட்ட லிதியம் பற்றரி சில மணிநேரம் கழித்தும் சூடேறிப் புகையும். கமராவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டுத் திருத்துபவரிடம் கொடுக்கலாம். அரிசிக்குள் புதைத்தால் உப்பு போகாது. அந்தப் பற்றரியை மட்டும் மறுபடி எதிலும் போடாதீர்கள்.