சார்ட்டில் இருந்தது, முதுகில் இல்லை

திரும்பிப் படுக்க முடியாத நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க எங்கள் வார்டில் ஒரு சார்ட் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவைத்து, அந்தந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு நைட் டியூட்டியில், விடியற்காலை ஐந்தரைக்குத்தான் எனக்கு உட்கார நேரம் கிடைத்தது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நான்கு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். உண்மையில் அந்தப் பெரியவரைத் திருப்பியது ஒரே ஒரு முறை.

பக்கவாதம் வந்து படுத்திருந்தவர் அவர். இரண்டு நாள் கழித்துத் துணி மாற்றும்போது அவருடைய மகள் கூப்பிட்டார். "சிஸ்டர், அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே ஏதோ கறுப்பா இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்." விரலால் அழுத்திப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. சுற்றியிருந்த தோலைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. சார்ட்டை எடுத்துப் பார்த்தால், மூன்று ஷிப்டிலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அப்படியென்றால் பொய்யாக டிக் போட்டது நான் மட்டும் இல்லை.

படுக்கைப்புண்ணைப் பலரும் தோல் வியாதி என்றே நினைக்கிறார்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபடுவதால் வருவது அது. பல நேரம் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் சேதம் தொடங்கும். மேலே தெரிவதற்குள் உள்ளே நிறையக் கெட்டுப்போயிருக்கும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்தலை ஆகியவை வழக்கமான இடங்கள். ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காதுமடலின் பின்பக்கத்தை நாங்களே மறந்துவிடுவோம். இன்னொன்று: "சிவந்திருக்கிறதா பார்" என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? கையால் தொட்டு, சூட்டையும் கெட்டித்தன்மையையும் பார்த்தால்தான் உண்டு.

இதில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியர் தன் குழுவோடு சேர்ந்து, மருத்துவமனையில் இருந்த முதியவர்களிடம் செய்த ஆய்வு 1962இல் வெளியானது. தோலில் எதைத் தடவினோம் என்பதைவிட, அழுத்தத்தை அடிக்கடி விடுவித்தோமா என்பதே முக்கியம் என்று அது காட்டியது. அதற்கு வெகுகாலம் கழித்துப் படித்த எனக்கும் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டுத் தேய்த்துவிடத்தான் கற்றுக்கொடுத்தார்கள். எலும்பு துருத்தும் இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது என்பது எனக்குத் தெரியவந்தபோது எத்தனை பேருக்குத் தேய்த்திருந்தேனோ!

சரி, இரண்டு மணி நேரக் கணக்கு எப்படி? 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைக் கேட்டதும் ஒரு சக செவிலியர், "அப்போ நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும்னு சொல்லுங்க" என்று சிரித்தார். அங்கேதான் கவனம் வேண்டும். அவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில். குறித்த நேரத்தில் உண்மையிலேயே திருப்பினார்கள், ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தார்கள். குழிவிழுந்த பழைய மெத்தையில் கிடப்பவருக்கும், ரத்த அழுத்தம் குறைந்து ஐசியூவில் இருப்பவருக்கும் அந்தக் கணக்கு செல்லாது.

பதில் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? கை போதவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா ஏக்கனும் குழுவினரும் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு செவிலியர் பலருக்கும் மனப்பாடம்: ஒரு செவிலியர் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. நேரம் போதாதபோது எதை விடுகிறோம் என்பதை இன்னொரு அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளரான பியட்ரிஸ் கலிஷ் 2006இல் செவிலியர்களிடமே கேட்டு எழுதினார். நடக்கவைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, ஆறுதலாகப் பேசுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. படித்தபோது என் டியூட்டியை யாரோ ஒளிந்திருந்து பார்த்த மாதிரி இருந்தது. ஊசி ஒன்று தவறினால் அடுத்த ரவுண்ட்ஸிலேயே கேள்வி வரும். திருப்பாமல் விட்டால் அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். உடம்பு கேட்கும், ஆனால் இரண்டு நாள் கழித்து, வேறொருவர் ஷிப்டில்.

அப்புறம் எங்கள் வார்டில் செய்தது சின்ன விஷயம். திருப்பவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதுவது என்று முடிவெடுத்தோம். எழுதுபவரைத் திட்டக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். முதல் வாரம் சார்ட்டைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது; அவ்வளவு காலி. ஆனால் அந்த ஓட்டைகள் பெரும்பாலும் இரண்டே இடத்தில் இருந்தன: ஷிப்ட் மாறும் நேரம், நள்ளிரவு தாண்டி இரண்டிலிருந்து நான்கு மணி வரை. "ஒரே ஆள், தூக்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் இரவுக்கு ஓர் உதவியாளரைக் கேட்டு வாங்கினோம். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்த காலத்தில் அப்படிக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

நோயாளியோடு இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது திருப்பினீர்கள் என்று செவிலியரைக் கேட்க வெட்கப்படாதீர்கள். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி, இருக்கிற ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும். தலைப்பக்கத்தை நிமிர்த்தி வைத்தால் ஆள் கீழே சறுக்குவார், அப்போது தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். சாப்பிடும்போது நிமிர்த்தியதை, மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, பிறகு தாழ்த்திவிடுங்கள். மேலே இழுக்க வேண்டுமென்றால் அக்குளில் கை கொடுத்துத் தனியாக இழுக்காதீர்கள். அடியில் விரித்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால் அவர் தோலும் தப்பும், உங்கள் இடுப்பும் தப்பும்.

அந்தப் பெரியவரின் புண் ஆற வெகுநாள் ஆனது. அவர் மகளிடம் நான் சார்ட்டைப் பற்றிச் சொன்னது, அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் அன்றுதான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எப்படித் திருப்பணும்னு இன்னொரு தடவை காட்டுங்க சிஸ்டர்" என்றார்.