க்ளெய்ம் மறுத்துவிட்டார்களா? முதலில் வக்கீலிடம் ஓடாதீர்கள்

மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் மறுக்கப்பட்டவர்கள் என் அலுவலகப் படியேறும்போது பெரும்பாலும் ஒரு வருடம் ஓடிப்போயிருக்கிறது. அந்த ஒரு வருடமும் அவர்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் நின்றிருப்பார்கள். ஏஜென்ட் வீட்டுக்கு நடையாய் நடந்திருப்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். போக வேண்டிய ஒரே இடத்துக்கு மட்டும் போயிருக்க மாட்டார்கள். அது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம், அதாவது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்.

கும்பகோணத்தில் உட்கார்ந்து நுகர்வோர் வழக்கு நடத்துகிறவன் நான். எனக்கு வர வேண்டிய வழக்கை வேறு இடத்துக்குப் போகச் சொல்லி எழுதுகிறேன் என்றால், எத்தனை பேர் ஏமாந்து வந்து நிற்பதைப் பார்த்து நொந்திருப்பேன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சமீபத்தில் வந்தவர் வலங்கைமான் பக்கத்து விவசாயி. மார்வலி வந்து தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி, மறுக்கப்பட்டதால், சொசைட்டியில் நகையை வைத்துப் பணம் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அதையும் கம்பெனி மறுத்துவிட்டது. பாலிசி எடுக்கும்போது ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துவிட்டாராம். மகன் படித்தவர்தான். உடனே கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டிருக்கிறார். 'எங்கள் முடிவில் மாற்றமில்லை' என்று பதில் வந்தது. அதன்பிறகுதான் மனு மேல் மனு. என்னிடம் வந்தபோது அந்தப் பதில் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பதில் கடிதத்தை என் மேஜையில் விரித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் ஓம்புட்ஸ்மேனை அணுகலாம்' என்ற வரி இருந்தது. கீழேயே சென்னை அலுவலக முகவரி. வீட்டில் யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. 'ரிஜெக்டட்' என்று முதல் பக்கத்தில் பார்த்ததும் மனசு உடைந்துபோய்விடுகிறது. அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

சரி, இந்த ஓம்புட்ஸ்மேன் யார்? இந்தியாவில் காப்பீட்டுக்கென்று 1998-இல் இந்த ஏற்பாடு வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2017-ஆம் ஆண்டு விதிகளும் அதற்குப்பின் வந்த திருத்தங்களும். தமிழ்நாடு முழுவதற்கும் சென்னை அலுவலகம்தான். காரைக்காலும் அதற்குள்தான் வருகிறது. ஆகவே திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்துக்காரர்கள் 'நாங்கள் பாண்டிச்சேரி, எங்களுக்குப் பொருந்தாது' என்று ஒதுங்க வேண்டாம்.

அங்கே போகாமல் இருப்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: 'அதுவும் கோர்ட்டு மாதிரிதானே சார், நமக்கெதுக்கு?' இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கோர்ட் இல்லை. தயவுசெய்து நம்புங்கள், அது கோர்ட் இல்லை. ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. உங்களுக்காக வக்கீலோ ஏஜென்ட்டோ அங்கே ஆஜராக முடியாது, விதியே அப்படி. கம்பெனி தரப்பிலும் அவர்களுடைய அதிகாரி ஒருவர்தான் வந்து பேசுவார். நடந்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் வாரிசோ நாமினியோ புகார் கொடுக்கலாம். நடவு நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறவும் வேண்டியதில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு ஆன்லைனில் புகார் பதியலாம், வீடியோ மூலமே விசாரணைக்கு ஆஜராகலாம்.

'அப்படியென்றால் அவர் சொல்வதைக் கம்பெனி கேட்குமா?' என்பது அடுத்த சந்தேகம். கேட்டே ஆக வேண்டும். முதலில் இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம் பேசுவார். ஒத்துவரவில்லை என்றால், தேவையான ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு எழுதுவார். அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அதில் திருப்தி இல்லையென்றால் அதற்குப்பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லாத வழி இது.

ஆனால் வரிசை முக்கியம். இதில்தான் படித்தவர்களே தவறுகிறார்கள். ஆத்திரத்தில் முதலில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தக் கதவு மூடிவிடும். ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆகவே முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது, எழுத்துதான் பேசும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் உங்களுக்குச் சரிப்படாவிட்டாலும், அங்கிருந்து ஒரு வருடத்துக்குள் ஓம்புட்ஸ்மேனுக்குப் போய்விட வேண்டும். தாமதத்தை மன்னித்து ஏற்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. வலங்கைமான்காரருக்கு இப்போது அதைக் கேட்டுத்தான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்பாரா மாட்டாரா என்று அந்தக் குடும்பம் காத்திருக்கிறது. அதை நம்பி நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தக் குடும்பத்தின் பாலிசி ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. இடைவெளி இல்லாமல் 60 மாதம் புதுப்பித்த பாலிசியில், 'நீ அன்றைக்குச் சொல்லவில்லை' என்று க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். 2024-க்கு முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. கையில் இவ்வளவு வலுவான வாதத்தை வைத்துக்கொண்டு, கெஞ்சி மனு எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

'இடைவெளி இல்லாமல்' என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் பிரீமியம் தவறுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். பணமெல்லாம் வயலில் கிடக்கும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, கணக்கில் பணம் ஏறுவதற்குத் தை, மாசி ஆகிவிடும். வருடப் பிரீமியத்துக்கு 30 நாள்தான் சலுகை. அதையும் விட்டால் இத்தனை வருடம் கட்டியதன் பலன் போய்விடும். பாலிசி எடுக்கும்போதே அறுவடைக்குப் பின் வரும் மாதமாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம், வெற்று ப்ரபோசல் ஃபாரத்தில், அதாவது பாலிசி விண்ணப்பத்தில், கையெழுத்துப் போடும் பழக்கம். 'கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்' என்று ஏஜென்ட் சொன்னாராம். சொந்த ஊர்க்காரர், நல்லவர், எல்லாம் சரி. சர்க்கரை, பி.பி., பழைய ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அவர் 'இல்லை' என்று டிக் அடித்தது நாளைக்கு நீங்கள் சொன்ன பொய்யாகத்தான் பதிவாகும். நீங்களே நிரப்புங்கள், நகல் வாங்கி வையுங்கள். இருக்கும் நோயை மறைக்காதீர்கள். அந்த நோய்க்குக் க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்தால் படும் பாடு அதைவிடப் பெரிது.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் வீட்டுக்குக் கிளம்பும் முன் படியுங்கள். அட்மிஷன் அவசரத்தில் 'எத்தனை வருஷமா சுகர்?' என்று டியூட்டி டாக்டர் கேட்பார். கூட வந்த மைத்துனர், 'அது ஒரு பத்து வருஷம் இருக்கும் சார்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும், சம்மரிக்கும் வரும். உண்மையில் மூன்று வருடத்துக்கு முன்தான் சர்க்கரை கண்டுபிடித்திருப்பார்கள். அந்த ஒற்றை வரியை வைத்து மறுக்கப்பட்ட க்ளெய்ம்கள் நான் பார்த்ததிலேயே நிறைய. தவறாக இருந்தால், பழைய ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரிடமே திருத்தக் கடிதம் கேளுங்கள். இல்லாததை எழுதித்தரச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள், அது வேறு வம்பு. முழு மருத்துவப் பதிவேடும் வேண்டுமென்று எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பலருக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியவில்லை.

எல்லாப் புகாருக்கும் ஓம்புட்ஸ்மேன் மருந்தாக மாட்டார். சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலும் நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரி நடத்தப்படும் விதம் பற்றிய புகார் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருந்தும் பணம் கேட்கிறார்கள் என்றால் அந்த இடத்திலிருந்தே 1800 425 3993-க்குப் போன் போடுங்கள். கலெக்டரிடம் கொடுக்கும் மனு பலன் தருவது இந்தத் திட்டத்தில்தான். மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்குத் தலைவரே அவர்தான்.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு வந்தால் 'ரிஜெக்ட் ஆயிடுச்சு, கேஷ் கட்டிடுங்க' என்பதோடு நிறுத்தாதீர்கள். மறுப்பை எழுத்தில் கையில் கொடுங்கள். ஓம்புட்ஸ்மேன் முகவரி இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள். அது எதற்கு என்று அந்த அம்மா கேட்டால், வரிசையில் ஆள் நின்றாலும் ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள்.